பெண் பிறந்த வீடு

ஆண் பிறந்தால் தோட்டத்துக் கடையில் மிட்டாய் வழங்குகிறோம். பெண் என்றால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறோம். அப்படி முகம் கறுப்பவனைத் திருமறையின் 16ஆம் அத்தியாயம் கண்டிக்கிறது. 42ஆம் அத்தியாயத்திலோ, தான் அருளும் மக்களில் பெண்மக்களையே அல்லாஹுத்தஆலா முதலில் கூறுகிறான்.

“கடையை யார் பார்ப்பது?” என்கிறோம். இதே நெகிரி செம்பிலானில், ரெம்பாவிலும் கோலாப்பிலாவிலும், மலாய்க்காரரின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி குடும்ப நிலம் மகளுக்கே சேருகிறது. 1909ஆம் ஆண்டுச் சட்டமும் அதை ஏற்றது. ஏன், நம் காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்குத்தானே! மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குகிறார். அதற்கு எவரும் வெட்கப்படுவதில்லை.

மகனுக்கு இரு பங்கென்றால் மகளுக்கு ஒரு பங்கு என்பது நிஸா அத்தியாயத்தின் கட்டளை. அந்த ஒன்றையும் விட்டுத்தரச் சொல்லி ஊருக்குக் கடிதம் போட்டு ஒப்பம் வாங்குகிறோமே! இவ்வாண்டுக் கணக்கை முடிக்குமுன், வாப்பா விட்டுச்சென்ற கடையில் லாத்தாவின் பங்கு எவ்வளவென்று எழுதிப் பார்ப்போம்.