துன்பம் ஆசானா?

‘துன்பமே மனிதனை உருவாக்குகிறது’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். புகழ்பெற்றோரின் இளமை வறுமையை அதற்குச் சான்றாகவும் காட்டுகிறோம். இக்கூற்று அறத்தின் தராசில் நிற்குமா?

இந்தித் திரையுலகின் நாட்டிய நடிகை ஹெலன் 1938-இல் இரங்கூனில் பிறந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகர்மீது குண்டுமாரி பொழிந்தன. குடும்பத் தலைவரைப் போர் பலிகொண்டது. 1943-இல், கருவுற்றிருந்த தாய் தம் பிள்ளைகளுடன் காடும் மலையும் கடந்து அஸ்ஸாமை நோக்கி நடந்தார். கையில் காசில்லை, வழியிலிருந்த சிற்றூர் மக்கள் இட்ட உணவே உயிரைத் தாங்கிற்று. கரு வழியிலேயே சிதைந்தது. திப்ருகரை அடைந்தபோது உடன் புறப்பட்டோரில் பாதிப்பேர் இல்லை. எலும்பும் தோலுமாய் எஞ்சியோர் இரண்டு திங்கள் மருத்துவமனையில் கிடந்தனர். பின்னர், கல்கத்தாவில் உடன்பிறந்தவனைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. பம்பாயில், செவிலியரான தாயின் ஊதியம் போதாமையால், ஹெலன் பள்ளியை விட்டுக் குழுநடனத்தில் சேர்ந்தார். 1958-இல் ‘ஹௌரா பிரிட்ஜ்’ படம் அவருக்குப் புகழ் தந்தது. 2009-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

துன்பம் ஆசான் என்றால், அந்தச் சிறுவன் கற்ற பாடம் யாது? வழியில் மாண்டோர் தேறாத மாணாக்கர்களா? அதே பாதை, அதே பசி. ஒருவர் வாழ்ந்தார், பலர் மண்ணாயினர். பிழைத்தவரை மட்டும் எண்ணிப் பசிக்குப் புகழ்மாலை சூட்டுவது, மாண்டோர்க்கு இழைக்கும் இரண்டாவது அநீதியன்றோ?

ஹெலனின் மனவுறுதி அவருடையது. அதற்குரிய பெருமையைத் துன்பத்திற்கு ஈதல் தகாது. நன்றி உரியது சோறிட்ட கைகளுக்கே. அக்கைகள் வருங்கால நடிகைக்கு இடவில்லை. பெயரறியாத ஒரு குழந்தைக்கு இட்டன. அக்குழந்தை மறுநாளே மடிந்திருப்பினும் அவ்வறத்தின் மதிப்பு அணுவளவும் குறைந்திராது.

கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இது தொலைதூரக் கதையன்று. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுப் பூசல் மூண்டபோது, இடுக்கித் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் அஞ்சி, குழந்தைகளோடு மலைப்பாதைகளில் தேனி மாவட்டத்திற்கு இறங்கி வந்தன. அக்குழந்தைகளுள் நாளை புகழ்பெறப்போவது யார் என்று கேட்டா கஞ்சி ஊற்றுவது?

பசித்த குழந்தை எதுவாக ஆகும் என்பது நம் கேள்வியன்று. அது பசித்திருக்கிறது என்பதே போதும்.