கடன் யாருக்கு?

காஞ்சிபுரத்திலிருந்து திருப்புட்குழிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம். தலை மழுமழுவென்று இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், நம் நாட்டில் யாரும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டார்.

"மொட்டை எங்கேம்மா, திருத்தணியா, திருப்பதியா?"

"வேண்டுதல் இல்லீங்க ஐயா. ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தினாங்க. முடி கொட்டிப்போச்சு."

பெரியவருக்குப் புரிந்துவிட்டது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

"இப்போ தேவலையா?"

"மருந்தெல்லாம் முடிஞ்சிடிச்சுங்க. இனிமே மாசம் ஒரு தடவை காட்டினாப் போதும்னு சொல்லியிருக்காங்க."

பெரியவர் பையனின் தலையைத் தடவிக் கொடுத்தார். "பொழச்சு எழுந்துட்டே இல்லே? பெரியவனாகி நீயும் நாலு பேருக்குச் செய்யணும், தெரியுதா?"

வாயில் பழத்தை வைத்துக்கொண்டு பையன் தலையை ஆட்டினான். அவர் அன்பினால்தான் சொன்னார். அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. பிழைத்து எழுந்த குழந்தை யாருக்காவது கடன்பட்டிருக்கிறதா? பட்டிருந்தால் அந்தக் கடன் யாருக்கு?

இந்தக் கேள்வியோடு திருப்புட்குழியில் இறங்கியது பொருத்தமாகவே அமைந்தது. ஏனென்றால் அந்த ஊரே ஒரு கடனின் பெயரால் நிற்கிறது. புள்ளின் குழி புட்குழி. சீதையைத் தூக்கிச் சென்ற இராவணனோடு பொருது வீழ்ந்த ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். (ஜடாயு குண்டம் வைத்தீசுவரன் கோயிலிலும் உண்டு. எந்த இடம் மெய் என்ற வழக்கில் நான் புகப்போவதில்லை.) விஜயராகவப் பெருமாள் கோயிலில் அந்தக் கழுகரசனுக்குத் தனிச் சந்நிதி இருக்கிறது, குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர்.

நன்றாக யோசித்துப் பார்த்தால் ஜடாயு தோற்றவன். சீதையை மீட்க அவனால் முடியவில்லை. சிறகு அறுந்து விழுந்தான். ஆனால் இராமன் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, தெற்கே போனான் என்று ஒரு திசையைச் சொல்லிவிட்டுப் போனான். இராமன் அவனுக்கு என்ன திருப்பித் தர முடியும்? உயிரைத் தர முடியாது. சிறகைத் தர முடியாது. ஒரு மகன் தந்தைக்குச் செய்வதைச் செய்தான். பிறகு அந்தத் திசையில் நடந்தான். மெய்யான கைம்மாறு எது என்று கேட்டால், சிதையில் வைத்த தீயைக் காட்டிலும் தெற்கே எடுத்து வைத்த அடியைத்தான் நான் சொல்வேன்.

தீர்த்தக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, கனடா நாட்டு இளைஞன் ஒருவன் நினைவுக்கு வந்தான். டெர்ரி ஃபாக்ஸ் என்பது அவன் பெயர். 1977-இல், பதினெட்டு வயதில், எலும்பில் புற்றுநோய் கண்டது. வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு பதினாறு மாதம் மருந்து. அந்த மருந்துச் சாலையில் தன்னைவிடச் சிறிய குழந்தைகள் துடிப்பதை அவன் பார்த்தான். தான் வெளியே வந்துவிட்டோம், அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்ணம் அவனைத் தூங்கவிடவில்லை.

டாக்டர்கள் அவனுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்கள். பிழைக்க நூற்றுக்கு ஐம்பது பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டே ஆண்டுக்கு முன்னால் வந்திருந்தால் பதினைந்துதான். இடையில் புது மருந்துகள் வந்துவிட்டன. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள அந்த முப்பத்தைந்தை அவனுக்குக் கொடுத்தவர்கள் யார்? ஆராய்ச்சிக்குப் பணம் தந்த முகம் தெரியாதவர்கள். இரவு பகலாக உழைத்தவர்கள். முதலில் அந்த மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு, பலன் காணாமலே கண்மூடியவர்கள். இவர்களில் யாரைத் தேடிப்போய் அவன் கடனைத் தீர்ப்பான்? பின்னால் திரும்பிக் கொடுக்க வழி இல்லை. முன்னால் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் கொடுக்க முடியும்.

1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். மேற்கே பசிபிக் கடல் வரை ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவது அவன் எண்ணம். தலைக்கு ஒரு டாலர் என்று நாட்டு மக்களைக் கேட்டான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். வெட்டிய காலின் முனை புண்ணாகி இரத்தம் கசிந்த நாட்களும் உண்டு. தன் ஓட்டத்தைக் காட்டிச் சரக்கு விற்க எந்த வியாபாரியையும் அவன் அனுமதிக்கவில்லை. வழியில் ஓரிடத்தில், அதே நோய்க்குக் காலைப் பறிகொடுத்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அவன் பின்னாலேயே வந்தான்.

143 நாள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று தண்டர் பே என்ற ஊருக்கு அருகில் மூச்சு முட்டி நின்றான். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மேற்குக் கடலை அவன் கால் தொடவில்லை. 1981 ஜூன் 28 அன்று, இருபத்து மூன்று நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கையில், மறைந்தான். ஆனால் அதற்கு முன்பே, அந்த ஆண்டுப் பிப்ரவரியில், நாட்டு மக்கள் தொகைக்கு ஈடாக 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அவன் பெயரால் உலகெங்கும் ஓடியவர்கள் சேர்த்தது 80 கோடி டாலருக்கும் மேல். சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

அவனும் தோற்றவன்தான், ஜடாயுவைப் போல. திசையைக் காட்டிவிட்டு விழுந்தவன்.

"பணம் வேண்டுமானால் கேட்டால் போதாதா? நோயாளி எதற்காக ஓட வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கேட்டால் கொடுக்காத கையை, வியர்வையைக் காட்டித் திறக்க வேண்டியிருக்கிறது என்பது ஓடுகிறவனுக்கு இழிவு அல்ல. பார்க்கிற நமக்குத்தான் இழிவு. பழனிக்கு நடக்கிறவர்களை நாம் அறிவோம். என் பிள்ளை பிழைத்தான், நான் நடக்கிறேன் என்பது வேண்டுதல். அது நல்லதுதான்; அங்கே கணக்கு முடிந்துவிடுகிறது. நான் பிழைத்தேன், இன்னொருத்தி பிள்ளைக்காக ஓடுகிறேன் என்னும்போது கணக்குத் தொடங்குகிறது.

இப்படிக் கடனை முன்னோக்கிச் செலுத்தியவர்கள் நம் நாட்டிலும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. முப்பத்தொரு ஆண்டு அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. தங்கைக்குச் செய்ய முடியாததை ஊரார் பிள்ளைகளுக்குச் செய்தார். காஞ்சியில் பிறந்த அண்ணா 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். காஞ்சிக்கு அருகே காரைப்பேட்டையில் அவர் பெயரால் அந்த நோய்க்கே ஒரு மருத்துவமனை இருக்கிறது.

ஆயினும் வேலை முடியவில்லை. பணக்கார நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமடைகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏழை நாடுகள் பலவற்றில் பத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. நோய் ஒன்றேதான். காலம் கடந்து கண்டுபிடிப்பதும், கைப்பணம் தீர்ந்து சிகிச்சையை நடுவில் விடுவதும்தான் வித்தியாசம். இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று ஆண்டு மருந்து வேண்டும். மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பஸ் கட்டணம் யார் தருவது? கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாய்க்குச் சாப்பாடு யார் போடுவது? ஓடிச் சேர்க்கிற பணத்துக்கு இங்கெல்லாம் வேலை இருக்கிறது.

இப்போது பெரியவரின் சொல்லுக்குத் திரும்புகிறேன். "நீயும் நாலு பேருக்குச் செய்யணும்." டெர்ரி ஃபாக்ஸுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். அங்கேதான் அதன் அழகு இருக்கிறது. பிழைத்த ஒவ்வொரு குழந்தையும் வீரனாக வேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், அதன் பிழைப்புக்கே விலை வைத்தவர்களாகிறோம். மழை பெய்துவிட்டு ரசீது கேட்பதில்லை. பிழைத்தவன் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு, மாலையில் வீடு திரும்பிக் குழந்தையோடு விளையாடினால் அதுவே போதும். அவன் நன்றி கெட்டவன் அல்ல.

கடன்பட்டவர்கள் வேறு யாரோ அல்ல, நாம்தான். 1975-க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லை. அதனால் கண்ணும் உயிரும் தப்பியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது. யாரோ ஊர் ஊராக நடந்ததால் நாம் பிழைத்திருக்கிறோம். பிழைத்தோம் என்று தெரிந்துகொண்டவன் ஓடுகிறான். தெரிந்துகொள்ளாத நாம் அவனிடம் போய், "நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறோம்.

அந்தத் தாயும் பையனும் திருப்புட்குழியில்தான் இறங்கினார்கள். கால் தரையில் பட்டதுமே பையன் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினான்.

"ஓடாதேடா கண்ணு, விழுந்திடுவே!"

அவன் கேட்கவில்லை. யாருக்காகவும் இல்லாமல், எதையும் திருப்பித் தருவதற்காக இல்லாமல், ஓட முடிகிறது என்பதற்காகவே ஓடினான். அவனை அப்படியே ஓடவிட வேண்டும். அடுத்த மாதம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பஸ் கட்டணத்தைப் பற்றி நாம் யோசிப்போம்.