கருணையும் களவும்

பிறருக்கு உதவுவது புண்ணியம் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உதவியே சில சமயம் களவாகிவிடும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் சொல்லித் தந்தவன் என் அண்ணன் மகன். அவனுக்கு வயது பதினைந்து.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அவனிடம் ஒரு மின்சாரக் கிதார் உண்டு. அதன் தந்தியை வெறுமனே மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது. வீட்டில் பழகுவதற்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி வேண்டும். வாங்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சித்தப்பா, நானே செய்து பார்க்கிறேன்" என்றான்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான்கள் வாங்கினோம். எல்.எம். 386 என்னும் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, 9 வோல்ட் பாட்டரி, 8 ஓம் ஸ்பீக்கர், சில கெபாசிட்டர்கள், ஒரு சால்டரிங் அயர்ன். ஒரு வாட்டுக்கும் குறைந்த ஆற்றல்தான். ஆனாலும் ஓர் அறைக்குப் போதும்.

மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் செய்தான். மூன்றாம் நாள் இரவு பாட்டரியை இணைத்தான். சத்தமே இல்லை. சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டான்.

இளமையில் ரேடியோ பழுது பார்த்த பழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். ஐ.சி.யின் ஐந்தாவது காலிலிருந்துதான் ஒலி வெளியே வரவேண்டும். அந்தக் காலின்மேல் ஈயம் மங்கலாய் உருண்டு நின்றது. காலையும் செம்புத் தகட்டையும் முதலில் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓட வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிச் சொட்ட விடுவார்கள். 183 டிகிரியில் அது உருகிவிடும். ஆனால் சூடேறாத உலோகத்தில் விழுந்தால், ஒட்டியதுபோல் தோன்றுமே தவிர ஒட்டியிராது.

இரண்டு நிமிடத்தில் சரிசெய்து வைத்துவிட்டுப் படுத்தேன். நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

காலையில் கிதார் முழங்கியது. துள்ளிக் குதித்தான். பிறகு பலகையைத் திருப்பிப் பார்த்தான். மங்கலான பற்றுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பளபளத்தது.

"இது நீங்கள் வைத்ததா, சித்தப்பா?"

"இல்லையே" என்றேன்.

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் வந்த நண்பர்கள், "யார் செய்தது?" என்றபோது, "எங்கள் சித்தப்பா" என்றான். அதில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"பிள்ளை பட்டினி கிடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா தருமம்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பசித்தவனுக்குச் சோறுதான் வேண்டும். அதை யார் சமைத்தால் என்ன? ஆனால் இவனுக்கு வேண்டியிருந்தது ஒலிபெருக்கி அல்ல. அது கடையிலேயே கிடைக்கும். தான் செய்தோம் என்ற ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அவன் துயரத்தைப் போக்கவா செய்தேன்? அந்தத் துயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. என் வேதனைக்கு நானே மருந்து போட்டுக்கொண்டு, அதற்குக் கருணை என்று பெயர் வைத்தேன்.

அன்றிரவு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். அயர்னைச் சூடாக்கி, என் பற்றை உருக்கி எடுத்துவிட்டு, "எப்படி வைக்க வேண்டும், சொல்லுங்கள்" என்றான்.

"ஈயத்தை உருக்காதே, காலைச் சூடாக்கு" என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய உதவி அவ்வளவுதான்.

இரண்டு முறை தவறிற்று. என் கை பரபரத்தது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். மூன்றாம் முறை ஈயம் ஓடிப் பிடித்தது.