நிறுத்த முடியாத நேரம்

தியேட்டரில் ஓடும் படத்தை நம்மால் நிறுத்த முடியாது. வீட்டில் முடியும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசங்களைப் பல நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். திரையின் அகலம், ஒலியின் கனம், டிக்கெட் விலை எல்லாம் வந்து போகின்றன. போகாமல் நிற்பது இது ஒன்றுதான்.

*

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-இல் வந்தது. சொக்கலிங்க பாகவதர் அதில் தாத்தா. பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பார்க்க ஒருநாள் தனியாகக் கிளம்பி வருவார். வேலை பாதியில் நிற்கும். சுவரைத் தொடுவார். உள்ளே மெல்ல நடப்பார். கூடவே இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை. பேச்சு எதுவும் தேவைப்படாத இடம் அது.

வீட்டில் படம் ஓடும்போது யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ, “நீங்க பாருங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்” என்று அடுப்படிக்கு எழுந்து போவார். வசனம் காதில் விழுந்தால் போதும், கதை பிடிபட்டுவிடும். பாகவதரின் கை சுவரில் படுவதை அடுப்படியிலிருந்து எப்படிக் கேட்பது? உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்த இடத்தில்தான் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றும். ஒன்றும் நடக்கவில்லையே என்று விரல் பத்து விநாடி முன்னால் தள்ளும். அதுவரை ஓடிய படம் எதை நோக்கி வந்ததோ, அது அந்தப் பத்து விநாடியில் போய்விடும்.

தியேட்டரில் அந்தக் கிழவரின் நடைக்கு அத்தனை பேரும் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் நடங்கள் என்று அவரிடம் சொல்ல யாராலும் முடியாது. வயதான ஒருவரின் வேகத்தில் சில நிமிடம் வாழ்ந்து பார்க்க நமக்கு வேறு எங்கே வாய்க்கிறது? நம் வீட்டுப் பெரியவர்களோடு கடைத்தெருவுக்குப் போனாலும் நாம் இரண்டடி முன்னால்தான் போகிறோம்.

*

பிலிம் ஓடிய காலத்து ப்ரொஜக்டரைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் என்னை விடவில்லை. நொடிக்கு 24 படங்கள். ஒரு படம் நகர்ந்து அடுத்தது வந்து நிற்கும்வரை ஷட்டர் ஒளியை மறைக்கும். மினுக்கம் கண்ணில் படாமலிருக்க, படம் அசையாமல் நிற்கும்போதும் நடுவில் ஒருமுறை மறைக்கும். ஆக நொடிக்கு 48 முறை வெளிச்சம், 48 முறை இருட்டு. கூட்டிப் பார்த்தால், இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரையில் ஒன்றுமே இல்லை. சிவாஜியின் முகத்துக்கும் சிவாஜியின் முகத்துக்கும் நடுவில் இருந்த அந்த இருட்டை நிரப்பியது நம் மனம்.

டிஜிட்டலில் அந்த இருட்டு இல்லை. கீறலும் இல்லை, ரீல் அறுந்து கூட்டம் விசிலடிப்பதும் இல்லை. அதற்காக நான் ஏங்கவில்லை. ஆனால் பார்ப்பவரிடம் படம் இவ்வளவு கேட்டு வாங்கியது என்பதை நினைக்கும்போது மரியாதை வருகிறது.

*

இப்படி எழுதும்போதே ஓர் உண்மை குறுக்கே வந்து நிற்கிறது. ‘வீடு’ போன்ற படங்களை என் வயதுக்காரர்களில் பலர் பார்த்ததே தூர்தர்ஷனில்தான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அடுத்த சில வருடங்களில், டிவி இருந்த வீடு ஞாயிறு மாலைகளில் தெருவுக்கே பொதுவாகிவிட்டது. முன்னறையில் இடம் போதாமல் திண்ணையிலும் ஜன்னலிலும் ஆட்கள். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாரும் எழுந்து போனதில்லை. போன நேரத்தில் படம் வந்துவிட்டால்? பிறகு வாடகை வீடியோ டெக் வந்தது. அதில் நிறுத்தும் பொத்தான் இருந்தது. ஆனாலும் விடிந்தால் டெக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இரவுக்குள் மூன்று படம் பார்த்தாக வேண்டும். அதனால் தூங்கிவிழுந்தவர்களை எழுப்பி எழுப்பிப் பார்த்தார்கள்.

அவையும் வீடுகள்தான். கூரை மாறியதால் எதுவும் குறைந்துவிடவில்லை. படத்தின் நேரம் நம் கையில் இல்லை என்பதுதான் அங்கேயும் நம்மைச் சேர்த்து உட்கார வைத்தது.

*

கொரோனாவால் மூடிக்கிடந்த தியேட்டர்களை 2020 நவம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் திறக்க அரசு அனுமதித்தது, பாதி இருக்கைகளோடு. இரண்டு நாள் கழித்து ‘சூரரைப் போற்று’ படம் ஓடிடி வழியாக நேராக வீட்டுக்கு வந்தது. ஆகாய விமானத்தில் ஏறவே வழியில்லாதவர்களை ஏற்றிவிடத் துடிக்கும் ஒருவனின் கதை. தியேட்டர் படியேற முடியாதவர்கள் அதைக் கட்டிலில் சாய்ந்து பார்த்தார்கள். மூட்டுவலிக்காரர்கள், காது மந்தமாகி எழுத்தைப் படித்துப் புரிந்துகொள்கிறவர்கள், ராத்திரி ஆட்டம் முடிந்து தனியாகத் திரும்ப முடியாத பெண்கள். இவர்களை நினைக்கும்போது, தியேட்டர்தான் சினிமா என்று அடித்துச் சொல்லும் கட்சியில் என்னால் சேர முடியவில்லை. அந்தக் கட்சியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாலை நேரம் தங்கள் கையில் இருக்கும் ஆண்கள்.

*

ஊர்ச் சுவர்களில் சினிமா போஸ்டரின் மேல் குறுக்காக ஒரு துண்டுச் சீட்டை ஒட்டுவார்கள்: ‘இன்றே கடைசி’. அதைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு பதற்றம். காசு புரட்டி, மாட்டைக் கட்டிவிட்டு, இரண்டாவது ஆட்டத்துக்காவது ஓடுவார்கள். நாளைக்குப் படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

இப்போதோ, ‘பிறகு பார்க்கலாம்’ என்று சேர்த்து வைத்த படங்கள் பட்டியலில் நீண்டுகொண்டே போகின்றன. எப்போதும் இருக்கும் என்ற நினைப்பிலேயே பார்க்காமல் விடுகிறோம். உண்மையில் அவையும் போகின்றன. உரிம ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு படம் ஓடிடி தளத்திலிருந்து இல்லாமல் போகிறது; துண்டுச் சீட்டு ஒட்ட அங்கே ஆள் இல்லை.

‘வீடு’ படத்துக்கு அடுத்து பாலு மகேந்திரா ‘சந்தியா ராகம்’ எடுத்தார். அதில் பாகவதர்தான் நாயகன். வரும் ஞாயிறு மாலை ஆறரைக்கு அதைப் போடலாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வருவதாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை நான் மதியமே செய்து வைத்துவிடுகிறேன்.