கைதட்டலும் ஒரு கர்மமே

பெரிய நிறுவனம் ஒன்றின் கணினிகளுக்குள் யாரும் அறியாமல் புகுந்து, கோடிக்கணக்கான ரூபாயையோ இலட்சக்கணக்கானோரின் தகவல்களையோ கவர்ந்ததாக ஓர் இளைஞன் கைது செய்யப்படுகிறான். காலையில் அந்தச் செய்தியைப் படிக்கிறோம். நம் மனத்தில் முதலில் எழுவது எது?

சிலருக்கு வியப்பு எழுகிறது: ‘அடேயப்பா, என்ன மூளை!’ சிலருக்கு மறைவான ஒரு மகிழ்ச்சி: ‘ஏழையிடமா எடுத்தான்? கொழுத்தவர்களிடம்தானே எடுத்தான்!’ வேறு சிலருக்கோ கோபம் பொங்குகிறது: ‘இவனையெல்லாம் வெளியிலேயே விடக் கூடாது.’ கைதானவனின் வழக்கை நீதிமன்றம் விசாரிக்கும். நம் மனத்தில் எழுந்த எண்ணத்தை யார் விசாரிப்பது? அதை நாமேதான் செய்தாக வேண்டும்.

ஓர் இளைஞரின் கேள்வி

2020 நவம்பரில் பெங்களூர் மத்திய குற்றப் பிரிவுப் போலீசார், கணினித் திறமை மிக்க ஓர் இளைஞரைப் போதைப்பொருள் தொடர்பான வழக்கில் கைது செய்தனர். விசாரணை வளர வளர, இணையச் சூதாட்டத் தளங்களையும் கர்நாடக அரசின் மின்னணுக் கொள்முதல் தளத்தையும் ஊடுருவியதாக அவர்மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. கொள்முதல் தளத்திலிருந்து 2019-இல் சுமார் 11.5 கோடி ரூபாய் பறிபோயிருந்தது. 2021-இல் இந்த ‘பிட்காயின்’ விவகாரம் அரசியல் புயலாகவே மாறியது. 2023-இல் மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் மக்கள் அதற்குள் தங்கள் தீர்ப்பை எழுதிவிட்டார்கள். ஒரு சாராருக்கு அவர் மேதை. மறு சாராருக்கு அவர் அரக்கன்.

அல்சூரில் வகுப்புக்கு வரும் அன்பர்களில் கணினித் துறையினர் பலர். அவர்களுள் ஓர் இளைஞர் மனம் விட்டுக் கேட்டார்: “சுவாமிஜி, இப்படிப்பட்டவர்களைத் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடிகளில் புரளும் நிறுவனங்களுக்கு இது கொசுக்கடி. அந்த நிறுவனங்களும் நம்மைக் கேட்காமல் நம் தகவல்களை எடுத்துத்தானே சம்பாதிக்கின்றன?”

இது நேர்மையான கேள்வி. இதை ஒதுக்கிவிடாமல் ஆராய்வோம்.

மீனவனின் விரதம்

பதஞ்சலி முனிவர் யமங்களுள் மூன்றாவதாக அஸ்தேயத்தை, அதாவது கள்ளாமையை வைக்கிறார். யமங்கள் எப்போது மகாவிரதம் ஆகின்றன? பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை ஆகிய எந்த எல்லையாலும் வரையறுக்கப்படாதபோது. இதை விளக்க வந்த வியாசர், அஹிம்சையை எடுத்துக்கொண்டு ஒரு மீனவனை உதாரணம் காட்டுகிறார். ‘மீன்களை மட்டுமே கொல்வேன், வேறு எதையும் கொல்லமாட்டேன்’ என்பது அவன் விரதம். ஒரு தொழிலைக் குறைகூறுவது வியாசரின் நோக்கமன்று. எல்லைக்குட்பட்ட விரதம் எவ்வளவு குறுகியது என்பதையே அவர் காட்டுகிறார்.

‘பெரிய நிறுவனங்களிடம் மட்டுமே எடுக்கலாம்’ என்பதும் இத்தகைய விரதமே. எடுக்கப்படுபவன் பணக்காரனா, ஏழையா என்பது இழப்பின் அளவைத் தீர்மானிக்கலாம். எடுப்பவனின் உள்ளத்தில் பதியும் சம்ஸ்காரத்தை அது மாற்றுவதில்லை. பிறர் பொருளைப் பிறர் அறியாமல் கவர்ந்த கை, அடுத்த முறை இன்னும் எளிதாக நீள்கிறது.

நிறுவனங்களைப் பற்றி அந்த இளைஞர் சொன்னதையும் நாம் மறுக்க வேண்டியதில்லை. பெற்றதற்கு ஈடாக எதையும் தராமல் தானே அனுபவிப்பவனைத் திருடன் என்றுதான் கீதையின் மூன்றாம் அத்தியாயம் அழைக்கிறது. அந்த அளவுகோல் பெரிய நிறுவனங்களுக்கும் பொருந்தும். அவற்றைத் தட்டிக்கேட்க நேரிய வழிகள் இருக்கின்றன. தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க நம் நாடாளுமன்றம் 2023-இல் சட்டம் இயற்றியதும் அத்தகைய வழியே. சேற்றைச் சேற்றால் கழுவ முடியாது.

பெரியவர் என்பவர் யார்?

இன்னும் ஒன்று. ‘பெரிய நிறுவனம்’ என்று நாம் சொல்லும் அந்தப் பெரியவர் யார்?

1906-இல் தொடங்கப்பட்ட புனே நகரின் காஸ்மாஸ் வங்கி ஒரு கூட்டுறவு வங்கி. 2018 ஆகஸ்டில் அதன் கணினி அமைப்பை ஊடுருவி, போலி அட்டைகளால் 28 நாடுகளில் ஏ.டி.எம்.கள் வழியாகப் பணம் எடுத்தார்கள். மொத்தம் சுமார் 94 கோடி ரூபாய் பறிபோனது. 2023 ஏப்ரலில் புனே நீதிமன்றம் 11 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. திட்டம் தீட்டிய மூளைகள் அவர்கள் அல்லர். போலி அட்டைகளோடு இயந்திரத்தின் முன் நிற்க அனுப்பப்பட்ட கடைநிலைக் கைகளே அவர்களுள் பெரும்பாலோர். ‘மேதை’ என்று நாம் வியக்கும் கதையில் சிறைக்குச் சென்றவர்கள் இவர்கள்.

2025-இல் பிரிட்டனில் புகழ்பெற்ற வணிக நிறுவனங்கள் சில தாக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் சந்தேகத்தின் பேரில் நால்வர் கைதானார்கள். அவர்களுள் மூத்தவருக்கு வயது 20, இளையவருக்கு 17. தாக்கப்பட்டவற்றுள் ஒன்று ‘கோ-ஆப்’ என்னும் கூட்டுறவு நிறுவனம். அதன் 65 இலட்சம் உறுப்பினர்களின் தகவல்கள் களவு போயின.

நம் கர்நாடகத்தில் பறிபோன 11.5 கோடியைப் பலரும் ‘அரசாங்கப் பணம்’ என்றே பேசினார்கள். அதுவோ ஒப்பந்தப்புள்ளி அளித்தவர்கள் கட்டிய வைப்புத்தொகை. அவர்களுக்கே திருப்பித் தரப்பட வேண்டிய பணம்.

மலை என்று நாம் நினைப்பது கூழாங்கற்களின் குவியல். அதன்மேல் எறிந்த கல் எந்தக் கூழாங்கல்லின்மேல் விழுந்தது என்பதை எறிந்தவன் பார்ப்பதில்லை, கைதட்டுபவனும் பார்ப்பதில்லை.

செய்யாத நமக்கு என்ன பங்கு?

‘நான் எதையும் திருடவில்லையே, செய்தியைப் படித்துச் சற்று ரசித்தேன், அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். இங்கேதான் பதஞ்சலி நம்மைத் தடுத்து நிறுத்துகிறார். யமங்களுக்கு மாறான செயல்களை அவர் மூவகையாகப் பிரிக்கிறார்: தானே செய்வது, பிறரைச் செய்விப்பது, பிறர் செய்ததை ஆமோதிப்பது. பேராசை, கோபம், மோகம் ஆகியவற்றால் எழும் இம்மூன்றும் முடிவில்லாத துன்பத்தையும் அறியாமையையுமே தருகின்றன என்கிறார். ஆமோதிப்பது அவர் பட்டியலில் தனியே இடம்பெறுகிறது என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் அமர்ந்தபடி நாம் தட்டும் கையும் கணக்கில் வருகிறது.

திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தை இல்லறவியலில் வைக்கவில்லை, துறவறவியலில் வைத்தார். எல்லாவற்றையும் துறந்தவனுக்குத் திருட்டைப் பற்றி எச்சரிக்கை எதற்கு? கை தொடாமலே நிகழும் திருட்டு ஒன்று உண்டு. அது உள்ளத்தில் நிகழ்வது. பிறர் செய்த கவர்ச்சியான திருட்டை எண்ணி இன்புறும்போது நம் உள்ளம் அந்த வீட்டுக்குள் ஒருமுறை புகுந்து வந்துவிடுகிறது.

முதிதையும் உபேட்சையும்

அப்படியானால் கைதானவனை வெறுக்க வேண்டுமா? வேண்டாம். மனத்தெளிவுக்குப் பதஞ்சலி நான்கு மனப்பான்மைகளைக் கூறுகிறார். இன்புறுவோரிடம் நட்பு, துன்புறுவோரிடம் கருணை, நற்செயல் புரிவோரிடம் முதிதை எனப்படும் மகிழ்ச்சி, தீச்செயல் புரிவோரிடம் உபேட்சை எனப்படும் விலகிய சமநிலை.

நம் தவறு எங்கே என்று இப்போது தெளிவாகிறது. நற்செயலிடம் வைக்க வேண்டிய மகிழ்ச்சியைத் தீச்செயலில் பளிச்சிடும் சாமர்த்தியத்தின்மீது வைத்துவிடுகிறோம். இல்லையென்றால் உபேட்சை இருக்க வேண்டிய இடத்தில் வெறுப்பை வைக்கிறோம். கைதானவன் சிறையில் துன்புறும்போது அவனுக்கு உரியது கருணை. அங்கேயோ நாம் மகிழ்கிறோம். மருந்துகள் அலமாரியில் சரியாகத்தான் இருக்கின்றன. நாம்தான் ஒன்றை மாற்றி இன்னொன்றை உண்கிறோம்.

புகழைவிட உண்மை

மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் பிரிட்டிஷ் இளைஞரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. பிரிட்டனின் மருத்துவமனைகள் பல தவித்தன. அதன் பரவலை நிறுத்திய வழியைக் கண்டுபிடித்தவர், அப்போது 22 வயதே ஆகியிருந்த ஹட்சின்ஸ். உலகம் அவரைக் கொண்டாடியது. மூன்றே மாதங்களில் அவர் அமெரிக்காவில் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன், வங்கிக் கணக்குகளைச் சூறையாடும் நிரல் ஒன்றை எழுதியதாகக் குற்றச்சாட்டு. ‘இவர் குற்றமே செய்திருக்க முடியாது’ என்று ஆதரவாளர்கள் முழங்கினார்கள்.

2019 ஏப்ரலில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். வருந்துவதாகவும், முழுப் பொறுப்பு தம்முடையதே என்றும் அறிவித்தார். தம்மைக் காக்க எழுந்த அத்தனை கைதட்டலையும் இழக்கத் துணிந்த சொல் அது! அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி, அவர் முன்பே நல்வழிக்குத் திரும்பியிருந்ததைக் கருத்தில் கொண்டு, மேலும் சிறையில் அடைக்காமல் ஓராண்டுக் கண்காணிப்போடு விடுவித்தார்.

அவருடைய திறமை இரண்டு காலங்களிலும் ஒன்றுதான். அதே விரல்கள், அதே விசைப்பலகை. மாறியது திறமையைத் தாங்கி நின்ற மனம். யோகிக்குக் கிட்டும் சித்திகளே சமாதிக்கு இடையூறு என்று பதஞ்சலி எச்சரிக்கிறாரென்றால், நற்பண்பின் காவலின்றி இளமையிலேயே கைவரும் திறமையைப் பற்றி என்ன சொல்வது?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! இத்தகைய செய்திகளை நம் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். செய்தியைவிட உன்னிப்பாக அவர்கள் நம் முகத்தைப் படிக்கிறார்கள். ‘கெட்டிக்காரன்!’ என்று நாம் உதிர்க்கும் ஒரு சொல், நாம் அவர்களுக்குச் சொல்லித்தந்த நூறு அறநெறிக் கதைகளை அழித்துவிடக்கூடும்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். பொருளை இழந்தவர்களை எண்ணி ஒரு பிரார்த்தனை, கைதானவன் மனம் திருந்த ஒரு பிரார்த்தனை, நம் மனத்தில் எழுந்த மறைவான மகிழ்ச்சி அகல ஒரு பிரார்த்தனை செய்வோம். இந்த மூன்றையும் செய்தபின் நம் கைகள் கூப்பியிருக்கும்; தட்டுவதற்கு அவை விரியமாட்டா.