வந்தவர் கடனும் இருப்பவர் கடனும்

அயல்நாட்டில் குடியேறுவோர் அந்நாட்டு மொழியைக் கற்பது கடமையா, அன்றி வயிற்றுப்பாட்டிற்கான வசதி மட்டுமா? பிரித்தானியாவில் குடியுரிமை வேண்டுவோர்க்கு 2005ஆம் ஆண்டு முதல் தேர்வு உண்டு. சட்டம் கேட்பது ஒருபுறமிருக்க, அண்டை வீட்டாரின் நோயை விசாரிக்கவும், துக்கத்தில் ஆறுதல் கூறவும் மொழி வேண்டுமே! எனவே கடமை என்றே நாம் கருதுகிறோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அன்னாரும் சின்னாட்களில் கற்றுத் தேர்ந்தார்கள். பிறமொழியால் தாய்மொழி தேய்ந்துவிடாது என்பதற்கு, தமிழை அரபு எழுத்தில் வரைந்த நம் முன்னோரின் அரபுத்தமிழே சான்று.

ஆயினும் கடன் ஒருபக்கத்ததன்று. நமது செவ்வாப்பேட்டை அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்தோர் உழைக்கின்றனர். அவர்தம் தட்டுத்தடுமாறும் தமிழைக் கேட்டு நம் பிள்ளைகள் நகைப்பார்களாயின், இலண்டனில் நம்மவரின் ஆங்கிலத்தைக் கேட்டு நகைப்போரை நாம் எவ்வாறு குறைகூற இயலும்? கற்பது வந்தவர் கடன். பொறுமையுடன் செவிசாய்ப்பது இருப்பவர் கடன். பின்னதை நம் தெருக்கடையிலேயே இன்று தொடங்கலாம்.