கடல் கடந்தவரும் வீடு காத்தவரும்

ஔவையின் கொன்றைவேந்தனை இளமையில் மனப்பாடம் செய்யாதவர் நம்மிடையே குறைவு. தாயும் தந்தையுமே நாம் முதலில் அறியும் தெய்வங்கள் என்ற கருத்தோடு அந்நூல் தொடங்குகிறது. சற்றுத் தள்ளி, கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுமாறு அதே நூல் அறிவுறுத்துகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்த பிள்ளைகள் எவரும், இரண்டையும் ஒருவரே எவ்வாறு நிறைவேற்றுவது என்று ஆசிரியரைக் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னர் வாழ்க்கையே அந்த வினாவை எழுப்பியபோது தமிழ்க் குடும்பங்கள் எளிய விடை ஒன்றைக் கண்டுகொண்டன. ஒரு பிள்ளை கடலைக் கடக்கட்டும். இன்னொரு பிள்ளை வீட்டைக் காக்கட்டும். ஆளுக்கு ஒரு கட்டளையாக இரண்டும் நிறைவேறிவிடும்.

இந்தப் பங்கீடு நீதியானதுதானா என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் வினா.

அயல்நாடு செல்வதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. இலங்கையின் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறினர். 1970களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் வளைகுடா நாடுகள் நம் இளைஞரை அழைத்தன. 1983க்குப் பின் ஈழத்துத் தமிழர் பலர் உயிர்காக்கவே நாடு நாடாய்ச் சிதறினர். இன்று செவிலியரும் பொறியாளரும் மாணவரும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்கின்றனர். ஆபிரகாமின் வரலாறே தம் நாட்டையும் இனத்தையும் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்பட்டதிலிருந்துதான் தொடங்குகிறது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்தூதுக் கொள்கை விளக்கத்தில், எகிப்துக்குத் தப்பிச் சென்ற திருக்குடும்பத்தையே எல்லாக் காலத்துப் புலம்பெயர்ந்தோருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். ஆகவே, போனவர் பாவம் செய்தவர் அல்லர். ஆனால் போனவரைப் பற்றி இத்தனை சிந்தித்த நாம், இருந்தவரைப் பற்றி அவ்வளவாகச் சிந்திக்கவில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அக்காளும் தம்பியுமாக இருவர். தம்பி அயல்நாட்டில் வேலை கிடைத்துப் போகிறார். அக்காள் பெற்றோருடன் தங்குகிறார். அக்காளுக்குப் பாட்டெழுதும் திறம் உண்டு. பங்கின் பாடற்குழு அவர் எழுதிய பாடல்களைப் பாடுகிறது. ஆலயத் திருவிழாவுக்கு அவர் நாடகம் எழுதிப் பிள்ளைகளைப் பழக்குகிறார். தம்பி போன முதல் ஆண்டு எதுவும் மாறுவதில்லை. பின்னர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அப்பாவுக்குக் கண்புரை. மருத்துவமனையில் காத்திருத்தல், நியாயவிலைக் கடை வரிசை, மின்கட்டணம், ஓய்வூதியத்திற்காக ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய உயிர்வாழ்ச் சான்று, உறவினர் வீட்டுத் திருமணத்திலும் இறப்பிலும் குடும்பத்தின் சார்பில் தலைகாட்டுதல் எனப் பணிகள் ஒவ்வொன்றாக அவர் தோளில் ஏறுகின்றன. ஒவ்வொன்றும் சிறியதே. எதையும் பெருஞ்சுமை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஐந்தாம் ஆண்டில் அவருடைய பாட்டுக் குறிப்பேடு மருந்துச் சீட்டுகளை வைக்கும் அட்டையாகிவிடுகிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. அவர் எழுதுவதை நிறுத்தவேண்டும் என்று எவரும் சொல்லவும் இல்லை.

இங்கே வழக்கமாகக் கூறப்படும் சமாதானம் ஒன்று உண்டு. தம்பி பணம் அனுப்புகிறார், அக்காள் நேரம் கொடுக்கிறார், கணக்குச் சரி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. பணத்தை எண்ணலாம், அனுப்பிய நாளும் தொகையும் வங்கிப் புத்தகத்தில் பதிவாகும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து தந்தைக்குத் தண்ணீர் கொடுத்தது எந்தப் புத்தகத்திலும் பதிவாவதில்லை. எண்ணக்கூடியது பெரிதாகவும் எண்ண முடியாதது சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு. அதனால்தான் ஊரில், "தம்பிதான் குடும்பத்தைத் தாங்குகிறார்" என்கிறார்கள். அக்காளைப் பற்றி, "அவர் வீட்டில்தானே இருக்கிறார்" என்கிறார்கள்.

கொர்பான் பற்றி ஆண்டவர் கூறியது இங்கு நம் நினைவுக்கு வரவேண்டும் (மாற் 7:9-13). பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டு, அதைக் காரணம் காட்டிக் கடமையிலிருந்து விடுபட்டவர்களை அவர் கடிந்துகொண்டார். அவர்கள் காட்டிய காரணம் இழிவானதன்று, புனிதமானது. ஒரு நல்ல செயலை வேறொரு நல்ல செயலுக்கு மறைப்பாகப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று. பணம் அனுப்புவதும் நல்ல செயலே. ஆனால் "அனுப்பிவிட்டேன்" என்ற சொல்லோடு தாயின் நோயும் உடன்பிறந்தவரின் களைப்பும் தம் பொறுப்பிலிருந்து நீங்கிவிட்டதாகக் கருதினால், அதுவும் ஒருவகைக் கொர்பானே. பெற்றோரை மதித்தல் என்னும் கட்டளையைச் சொத்துப்போல் பாகம் பிரித்துக்கொள்ள இயலாது. வேலைகளைப் பிரிக்கலாம், பொறுப்பு ஒவ்வொரு பிள்ளையிடமும் முழுமையாகவே தங்கும்.

இதே அளவுகோலை அக்காளின் கலைக்கும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. "எனக்குப் பாட்டெழுத வேண்டும்" என்று சொல்லி, நோயுற்ற தாயை அவர் கைவிடலாமா? கூடாது. கலையும் கொர்பான் ஆகக்கூடும். கலைக்காக எல்லாரையும் வருத்தியவர்களை மேதைகள் என்று போற்றும் வழக்கம் உலகில் உண்டு. அதை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும், வீட்டில் நெருக்கடி வரும்போதெல்லாம் முதலில் நிறுத்தப்பட வேண்டியது கலைதான் என்ற முடிவுக்கு நாம் ஏன் இத்தனை விரைவாக வந்துவிடுகிறோம்? அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவதாலன்றோ?

திருவிவிலியம் அவ்வாறு எண்ணவில்லை. சந்திப்புக் கூடாரத்தை அமைக்கவேண்டிய பெசலேலைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கைவினை செய்வதற்காகவே தம் ஆவியால் நிரப்பினார் (விப 31:1-5). புனித இரண்டாம் யோவான் பவுல் 1999ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கலைஞர்களுக்கு ஒரு திருமடல் எழுதினார். எல்லாரும் கலைஞராக அழைக்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தம் வாழ்வைக் கலைப்படைப்பாக உருவாக்க அழைக்கப்பட்டுள்ளனர் என்பது அதில் அவர் விளக்கிய கருத்து. தனித் திறம் பெற்றவருக்கு அது மற்றவர்க்காக அளிக்கப்பட்ட கொடை. தாலந்து உவமையில் ஊழியன் ஒருவன் தன் தாலந்தைத் தானே மண்ணில் புதைத்தான். ஒருவருடைய தாலந்தைக் குடும்பமே சேர்ந்து, அன்பின் பெயரால், சத்தமின்றிப் புதைப்பதும் உண்டு. அப்போது கணக்குக் கேட்கப்படுவது யாரிடம்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீபாகப் பணியாற்றிக்கொண்டே பாடல்களும் உரைநடையும் எழுதினார். 1879ஆம் ஆண்டு தமிழின் முதல் நாவல் அவரால் வெளிவந்தது. "மனம் இருந்தால் நேரம் தானே கிடைக்கும்" என்பதற்கு அவரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆனால் நீதிமன்றத்திற்கு மாலையில் கதவடைக்கும் நேரம் உண்டு. படுத்த படுக்கையாயிருக்கும் தாயைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்படி ஒரு நேரம் இல்லை. மனம் மட்டும் போதாது. யாரேனும் ஒருவர் அந்த இரண்டு மணி நேரத்தைத் தம் கையில் வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தியாகம் கிறிஸ்தவ வாழ்வின் உள்ளமன்றோ? அக்காள் தம் பாடலைப் பலியாக ஒப்புக்கொடுக்கலாமே? ஒப்புக்கொடுக்கலாம், அப்படி ஒப்புக்கொடுத்தவர்கள் நம் பங்குகளில் பலர். அவர்கள் முன் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் தம் உயிரைத் தம்மிடமிருந்து எவரும் பறிப்பதில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக ஆண்டவர் கூறினார் (யோவா 10:18). தாமாகக் கொடுப்பதே பலி. பிறர் நம் மேல் சுமத்துவது வரி. வரியை வசூலித்துவிட்டு அதைத் தியாகம் என்று புகழ்வது, புகழப்படுபவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும்.

பெத்தானியா வீட்டை நாம் பெரும்பாலும் லூக்கா நற்செய்தியின் வழியாகவே அறிந்திருக்கிறோம். தன்னைத் தனியே பணிவிடை செய்ய விட்டுவிட்டாள் தன் சகோதரி என்று மார்த்தா அங்கே முறையிடுகிறார். உலகெங்கும் வீட்டில் தங்கிய உடன்பிறப்பின் முறையீடு அதுவே. ஆனால் அக்குடும்பத்தின் கதை அத்துடன் முடியவில்லை. யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரத்தில் அதே ஊரில் மீண்டும் ஒரு விருந்து. மார்த்தா இப்போதும் பணிவிடை செய்கிறார், முறையீடு இல்லை. இலாசர் பந்தியில் அமர்ந்திருக்கிறார். மரியா விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஆண்டவரின் காலடிகளில் பூச, வீடு முழுவதும் மணக்கிறது. அதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாசு கேட்கிறான். பயன்மட்டுமே கருதும் கேள்வி அது. கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. ஆண்டவரோ மரியாவின் பக்கம் நிற்கிறார். உணவு சமைத்தவரின் பணியும் அழகானதைக் கொண்டுவந்தவரின் பணியும் ஒரே விருந்தில் இடம் பெறுகின்றன. ஒன்றுக்காக மற்றொன்று வெளியேற்றப்படவில்லை.

தங்கியவருக்கும் ஒரு சோதனை உண்டு. ஊதாரி மைந்தன் உவமையில் மூத்தவன் வீட்டை விட்டுப் போகவே இல்லை. ஆனால் தான் உழைத்த ஆண்டுகளையும் தனக்குக் கிடைக்காத ஆட்டுக்குட்டியையும் அவன் கணக்கு வைத்திருந்தான். தம்பி என்று சொல்லவும் அவனுக்கு நா எழவில்லை. தந்தையிடம் 'உம் மகன்' என்கிறான். சொல்லாமல் சேர்த்துவைத்த மனக்குறை இப்படித்தான் உறவின் பெயரையே மறக்கச் செய்கிறது. ஆகவே தங்கியவர் தம் களைப்பைக் காலத்திலேயே வாய்திறந்து சொல்லவேண்டும். மௌனம் எப்போதும் பொறுமையாகாது. போனவரின் துன்பத்தை அறியவும் அவர் முயலவேண்டும். அந்நிய ஊரில் இரவுப் பணி முடித்து, பேச ஆளின்றி, பூட்டிய அறைக்குத் திரும்பும் தம்பியிடமும் பாடாமல் போன பாட்டு ஒன்று இருக்கக்கூடும்.

பெற்றோர் கற்கவேண்டிய பாடம் ஓஸ்தியாவில் இருக்கிறது. 387ஆம் ஆண்டு, ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்த வேளையில் புனித மோனிக்கா நோயுற்றார். அவருடைய பிள்ளைகளில் அகுஸ்தினாரும் நவீகியுவும் அருகிலிருந்தனர். அயல்நாட்டில் அல்லாமல் சொந்த மண்ணில் தாய் இறந்தால் நலம் என்று நவீகியு கூறினார். மோனிக்காவோ, தம் உடலை எங்கேனும் அடக்கம் செய்யலாம். ஆண்டவரின் பீடத்தருகே தம்மை நினைத்தால் போதும் என்றார். கணவரின் கல்லறைக்கருகில் இடம் வேண்டுமென்று முன்பு விரும்பியிருந்த தாய் அவர். பிள்ளைகளின் மேல் தம் விருப்பத்தைப் பாரமாக வைக்காமல் இறுதியில் அவர்களை விடுவித்தார். வீட்டிலிருக்கும் மகளிடம், "இன்று மாலை நீ எழுது, நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தாயும் மோனிக்காவின் வழியில் நடப்பவரே.

இனி, செய்யக்கூடியவை என்ன? அயல்நாட்டிலிருப்பவர் விடுமுறையில் விருந்தாளியாக வராமல், அக்காளின் இடத்தை நிரப்புபவராக வரலாம். ஒரு மாதம் மருந்துப் பெட்டியின் பொறுப்பை ஏற்று, அக்காளை வெளியே அனுப்பலாம். இயன்றவர் அனுப்பும் தொகையில் ஒரு பகுதியை, வாரத்தில் சில மணி நேரம் துணைக்கு ஓர் ஆளை அமர்த்துவதற்கென்று ஒதுக்கலாம். தொலைவிலிருந்து ஆலோசனை கூறுவதைக் குறைத்து, "அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டபின், "அக்கா, நீ என்ன எழுதினாய்?" என்றும் கேட்கலாம். புனித சவேரியார் 1546ஆம் ஆண்டு அம்போயினாவிலிருந்து தம் தோழருக்கு எழுதிய கடிதத்தில், அவர்களுடைய மடல்களிலிருந்து கையொப்பங்களை வெட்டியெடுத்துத் தம்முடன் சுமந்து வருவதாகத் தெரிவித்தார். தொலைவில் இருப்போரை ஒவ்வொருவராக, பெயர் பெயராக நினைப்பதும் ஒரு பணியே. நம் அன்பியங்களும் இதில் பங்குபெறலாம். செபிப்பதற்காகக் கூடும் வீடுகளில், முதியவரோடு மாலையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்க ஒருவர் முன்வந்தால், அடுத்த திருவிழாவுக்கு ஒரு புதிய பாடல் கிடைக்கலாம்.

காயினிடம் கடவுள், அவன் சகோதரன் எங்கே என்று கேட்டார் (தொநூ 4:9). ஒரு காலத்தில் அதற்கு விடை காண நாம் வான்வழிக் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தோம். இன்று கைப்பேசியில் உடன்பிறந்தவரின் முகத்தையே பார்க்கிறோம். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதுகூடத் தெரிகிறது. ஆனால் அன்று கேட்கப்பட்டது இடத்தைப் பற்றியதன்று. கடல் கடந்தவரிடமும் வீடு காத்தவரிடமும் அந்த வினா இன்றும் கேட்கப்படுகிறது. மற்றவர் எதைச் சுமக்கிறார், எதைக் கீழே வைத்துவிட்டார் என்று அறிந்தவரே அதற்கு விடை கூற முடியும்.